லாண்டரி டாக்டர் திலீப்

திருவொற்றியூர்க் குப்பத்தில் திலீப்புக்கு டாக்டர் என்று பெயர். படித்தது ஒன்பதாவது. அதையும் பாஸ் பண்ணினானா என்பது பள்ளிக்கூடத்துக்கே சரியாக ஞாபகமில்லை. கத்தாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவன் விமானம் ஏறிய அன்றைக்கே குப்பம் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை எதற்குச் சொல்வானேன் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு அடியில், தரைக்கும் கீழே இரண்டு மாடி இறங்கினால், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு கூடம். அங்கே ஆள் உயரத்துக்கு வாஷிங் மிஷின்கள் வரிசையாக உறுமும். அதில் ஏழாவதும் எட்டாவதும் திலீப்பின் பொறுப்பு. மேலே இருந்து குழாய் வழியாக மூட்டை மூட்டையாகப் பெட்ஷீட் விழும். துவைத்து, காயவைத்து, மடித்து மேலே அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் வைத்தியம். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு டாக்டர் அவன்மேல் கை வைத்தது விசா மெடிக்கலின்போது மட்டும்தான். ஜுரம் வந்தாலும், இடுப்புப் பிடித்துக்கொண்டாலும், ஊர் ஞாபகம் வந்தாலும் தொழிலாளர் கேம்ப்பில் ஒரே மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போவான்.

ஆனால் வெள்ளிக்கிழமை லீவில் குடும்ப வாட்ஸப் குரூப்பைத் திறந்துவிட்டால் திலீப் வேறு ஆள். நம் ஊர் வைத்தியம் ஏன் உருப்படவில்லை என்பதைப் பற்றி நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று வாய்ஸ் மெசேஜ் வந்து விழும்.

"பெட்ஷீட்ட பாத்தே ஒரு ஆஸ்பத்திரிய எட போட்டுடலாம். இங்க பாத்தீங்கன்னா, வெள்ளன்னா வெள்ள. ஒரு கற கீதா, தூக்கிப் போட்டுடுவான். நம்ம ஊர்ல இன்னா கீது? கலீஜு. அத்த மொதல்ல மாத்தணும்."

இதற்குப் பதில் போடுகிற ஒரே ஆள் வெற்றி. திலீப்பின் தங்கை அம்முவைக் கட்டியவன், மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போகிறவன்.

"மச்சான், ரெண்டு மூட்ட சோப்புத்தூளு அனுப்பு. இந்தியாவ நான் தொவச்சிடறேன்."

இந்த டாக்டர் வேலையால் ஒரு கெடுதலும் வராமல் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பன்னிரண்டாவது வருஷம் கெளுத்தி முள் குத்தியது.

குத்தியது திலீப்பின் அம்மா பவுனம்மாளுக்கு. தேரடிப் பக்கத்து மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அறுபதுக்கு ரெண்டு குறைச்சல்; சண்டை என்று வந்துவிட்டால் இருபதும் குறைச்சல். அன்றைக்குக் கூடையிலிருந்து நழுவிக் கிடந்த கெளுத்தியை இடது காலால் மிதித்துவிட்டாள். முள் கட்டைவிரலுக்கு அடியில் இறங்கியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, பொழுதுசாய வியாபாரத்தை முடித்து, வூட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டாள்.

கடலோரத்தில் கெளுத்திக் குத்துக்கு வைத்தியம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலைத் தண்ணீரில் வைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் கால் தானாக உதறிக்கொண்டு வெளியே வரும். உதறினால் விஷம் இறங்கிவிட்டது. உதறவில்லை என்றால் சூடு பத்தவில்லை. கணக்கு அவ்வளவுதான். நாலு தலைமுறையாகத் தப்பாத கணக்கு.

"சுடுதண்ணி வெச்சியாம்மா?"

"பக்கெட்ல கால வெச்சிகினு தான் பேசறேன் நைனா."

"காலு உதறிச்சா?"

"இல்ல."

"அப்ப சூடு பத்தல. இன்னும் ஊத்து."

ஊற்றுகிற சத்தம் கத்தார் வரைக்கும் கேட்டது.

"இப்ப?"

"ஒண்ணும் தெரியலியே."

"இன்னும் ஊத்தும்மா. ஆஸ்பத்திரில கீறவன் சொல்றேன், கேளு."

அவள் கேட்டாள். அடுப்பில் கொதித்ததை அப்படியே ஊற்றினாள். அப்போதும் கால் உதறவில்லை. பவுனம்மாளுக்குச் சுகர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கால் சூடு, குளிர், முள், கல் எல்லாவற்றையும் மறந்து ரொம்ப நாளாகிவிட்டது. அது மறந்துபோனது காலின் சொந்தக்காரிக்கும் தெரியாது; கத்தாரில் இருந்த டாக்டருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து அம்மு குரூப்பில் போட்டோ போட்டாள். 'அம்மா காலு இப்டி ஆய்ட்ச்சி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுது. யாருனா சொல்லுங்க.'

போட்டோவில் பாதம் கறுத்திருந்தது. கறுப்பு கணுக்காலில் வந்து சட்டென்று நின்றிருந்தது, சுண்ணாம்பு அடித்தவன் ஸ்கேல் வைத்து நிறுத்தின மாதிரி. மற்றவர்கள் எல்லாம் ஐயோ போட்டார்கள், கை கூப்பின படம் போட்டார்கள். திலீப் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பக்கெட்டில் தண்ணீர் நின்ற மட்டம். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

சூப்பர்வைசரிடம் அழுது, லீவு வாங்கி, மூன்றாம் நாள் வந்து இறங்கினான்.

வந்ததும் அம்மாவிடம் போய், நான்தானே சொன்னேன், என்னால்தானே என்று காலைப் பிடித்துக்கொள்வது என்றுதான் விமானத்தில் முடிவு செய்திருந்தான். வூட்டுக்குள் நுழைந்தால் அங்கே அக்கம்பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தது. டாக்டர் வந்துட்டாரு, வழி வுடு, வழி வுடு என்று எழுந்து நின்றது. அந்த மரியாதையைப் பார்த்ததும் சொல்ல வந்தது தொண்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக வெளியே வந்தது வழக்கமான பேச்சு.

"இந்த ஊர்ல சிஸ்டமே சரியில்ல. அங்கெல்லாம் சுகர் பேஷண்ட்டுக்குக் காலு செக்கப் தனியா கீது."

உள்ளே எவ்வளவு புகைந்ததோ வெளியே அவ்வளவு சத்தம் போட்டான். பவுனம்மாள் சுவரில் சாய்ந்து, காலைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில், நான் யாருகிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத என்று எழுதியே இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் வூட்டிலே பெரிய விவாதம்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டும்போலாம்ண்ணா," என்றாள் அம்மு. "என் ரெண்டு பிரசவமும் அங்கதான் ஆச்சு. ரெண்டும் உசுரோட ஓடிக்கினு கீது."

"பிரசவம் வேற, காலு வேற. பிரைவேட்ல காட்டுவோம்."

"இன்னாத்துக்கு?"

"அங்க பெட்ஷீட்டு…"

"மச்சான்," என்றான் வெற்றி, "வைத்தியம் காலுக்கா, பெட்ஷீட்டுக்கா?"

"நீ சும்மா இரு. நான் ஆஸ்பத்திரிலயே கீறவன்."

"நானும் கடல்லயே கீறவன். அத்தொட்டு நான் இன்னா மீனா?"

பவுனம்மாள் கையை உயர்த்தினாள். "ரெண்டும் வாணாம். ஞாயித்துக்கியம வியாபாரம் பாத்துட்டு அப்பால பாப்போம்."

"அதுக்குள்ள காலு போயிடும்மா," என்றாள் அம்மு.

"போனா சொல்லிட்டுப் போவும்."

இதுதான் அந்த வூட்டுப் பிரச்சினை. அந்தக் கால் எதையும் சொல்லிவிட்டுச் செய்வதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

மறுநாள் திலீப் பிடிவாதமாக அம்மாவை மெயின் ரோட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. ஆட்டோ அதற்கு இடையில் எலி மாதிரி புகுந்து போனது. ஆஸ்பத்திரி குளுகுளு என்றிருந்தது. மீன் வாசனையுடன் உள்ளே வந்த பவுனம்மாளை யாரும் மூக்கைச் சுளித்துப் பார்க்கவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். திலீப் பரிசோதனைக் கட்டிலின் பெட்ஷீட்டை ஓரத்தில் பிடித்து முகர்ந்து பார்த்தான். நல்ல சலவை. அவனுக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயசு, பதவிசானவர். "எப்படி ஆச்சும்மா?"

"கெளுத்தி முள்ளு சார்."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் திலீப்பைப் பார்த்தார். திலீப் சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தைப் பார்த்தான்.

அப்படியானால் விஷச் சீழ் கால் வழியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், யோசித்துச் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அவரிடம் சொன்னதில்தான் தப்பு.

பவுனம்மாள் கட்டிலைவிட்டு இறங்கி வலது காலில் செருப்பை மாட்டினாள். ஆட்டோவில் ஏறின பிறகு கேட்டாள்.

"முட்டிக்குக் கீய எடுத்துட்டா, அருவாமனைய எத்தால மிதிக்கிறது நைனா?"

மீன் வெட்டுகிறவர்களுக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அரிவாள்மனையின் பலகையை இடது பாதத்தால் அழுத்திக்கொண்டுதான் இரண்டு கையாலும் மீனை ஓட்ட வேண்டும். பலகை நகர்ந்தால் விரல் போகும். இடது பாதம் இல்லாதவள் மீனை முழுசாக விற்கலாம், வெட்டிக் கொடுக்க முடியாது. வெட்டிக் கொடுக்காதவளிடம் இந்தக் காலத்தில் யார் மீன் வாங்குகிறார்கள். முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பாதத்தின்மேல்தான் திலீப்பின் ஒன்பதாவதும், அம்முவின் கல்யாணமும், கத்தார் டிக்கெட்டும் நின்றுகொண்டிருந்தன. திலீப் வெளியே கண்டெய்னர்களை எண்ணுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் அம்மு யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் பழைய சேலை ரெண்டு, ஒரு பெட்ஷீட், சொம்பு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் திணித்தாள். "ஏறும்மா" என்றாள். பவுனம்மாள் ஏறினாள். திலீப்பும் பின்னாலேயே ஏறினான்.

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை, காட்டுவதற்கு வரிசை, ரத்தம் கொடுக்க வரிசை. வரிசையில் நிற்கிறவர்கள் வாயைப் பிடுங்காமல் இருக்க முடியுமா. தம்பி எங்க வேல செய்றாப்ல என்று ஒருவர் கேட்டார். கத்தார் ஆஸ்பத்திரியில் என்று அம்மு சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர் திரும்பிக்கொண்டார்கள். திலீப்புக்கும் நாக்கு ஊறிவிட்டது. அங்கே அப்படி, இங்கே இப்படி, அரசாங்கம் என்ன செய்ய வேண்டும், மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசை நகர நகரப் பேசினான். ஒரு பெரியவர் மூட்டுவலிக்கு என்ன மாத்திரை நல்லது என்று கேட்டார். திலீப் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து பவுனம்மாளின் பாலிதீன் பைக்குள்ளிருந்து வாடை வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் வார்டில் கட்டில் கிடைத்துவிட்டது. திலீப் பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தான். அம்மா படுத்திருந்த பெட்ஷீட்டில் ஓரம் எல்லாம் துரு நிறக் கறை, நடுவில் ஒரு எண்ணெய்த் திட்டு. பதினோரு வருஷத் தொழில் புத்தி பொங்கிவிட்டது. நேராகப் போய் டூட்டியில் இருந்த சிஸ்டரிடம் நின்றான். தேவப்பிரியம் என்று சட்டையில் பெயர். தென்காசிப் பக்கத்து ஆள். குரல் மெத்தென்று இருக்கும், வார்த்தை மட்டும் தைக்கும்.

"சிஸ்டர், இன்னா பெட்ஷீட்டு இது? நான் ஃபாரின்ல ஆஸ்பத்திரி லைன்லயே கீறேன். இந்த மாதிரி ஷீட்ட நாங்க தரை தொடைக்கக்கூட வெச்சிக்க மாட்டோம்."

சிஸ்டர் எழுந்து வந்து பார்த்தார். "இது உங்க வீட்டு பெட்ஷீட்டுங்க. நாங்க போட்டது இதுக்கு அடியில இருக்கு. அதுல மீன் கறை பட்டுடக் கூடாதுன்னு உங்க தங்கச்சிதான் மேல இத விரிச்சாங்க."

அம்மு கொஞ்சமும் அசையாமல், "போன தபா லீவுல வந்தப்ப நீ வாங்கினு வந்ததுதான்ண்ணா," என்றாள்.

பக்கத்துக் கட்டில் ஃப்ளோரன்ஸ் அக்கா வாயில் முந்தானையைச் சொருகிக்கொண்டு குலுங்கினாள். ராயபுரத்துக்காரி. அவளுக்கும் காலில் கட்டு. எதனால் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டரம்மா வந்தார். கூடவே நோட்டும் கையுமாகச் சின்ன டாக்டர்கள் ஒரு கும்பல். குப்பத்திலிருந்து வெற்றியும், ரத்தம் கொடுக்க வந்த லாஞ்சுக்காரர்கள் நாலு பேரும் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரிக்கச் சொன்னார். பாதத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கணுக்காலில் இருந்த கோட்டை விரலால் தொடாமல் சுற்றிக் காட்டினார்.

"முள்ளு குத்தினது கீழ, கட்டைவிரல்ல. கறுப்பு மேல, சுத்தி ஒரே மட்டத்துல நிக்குது. ரத்த ஓட்டம் ஓரளவு இருக்கு. அம்மா, கால எதுலயாவது வச்சீங்களா? சுடுதண்ணி, சாம்பல், எண்ணெய்?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வச்சிருந்தா இது வெந்த புண்ணு. ஒரு மாதிரி வைத்தியம். வைக்கலன்னா சீழ் மேல ஏறுது. அப்ப நாளைக்கே பாதி பாதத்துக்கு மேல எடுத்தாகணும்."

"எத்துலயும் வெக்கலம்மா," என்றாள் பவுனம்மாள். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிற மாதிரி சொன்னாள்.

"சரி. மகன் யாரு? ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிடுங்க," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சிஸ்டர் தேவப்பிரியம் ஃபாரத்தையும் பேனாவையும் திலீப்பிடம் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் குனிந்தான்.

"ஏம்மா பொய் சொன்ன?" காதோடு கேட்டான்.

"எது பொய்யி? கையெயுத்து போடு."

"அவங்க கேட்டாங்கல்ல? சொன்னா காலு கொஞ்சம்னா தங்கும்மா."

"இன்னான்னு சொல்றது? எம்புள்ள சொன்னான், ஊத்திக்கினேன்னா? ஜன்னல்ல பாரு, குப்பமே நின்னுகினு கீது. ஊரே உன்ன டாக்டருன்னு கூப்புடுது. எனுக்கு வயசு ஆய்ட்ச்சி. பாதி காலு போனா போவுது. உன் பேரு போவக்கூடாது."

"என் பேரு இன்னாம்மா பேரு. நான் அங்க துணி தொவைக்கிறேன்."

பவுனம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அது எனுக்கு மொத வருசமே தெரியும்டா. உன் வெரலு நகத்த பாத்தேன். வண்ணாந்தொறைல ஊறின நகம்."

திலீப் நிமிர்ந்தான். பேனாவைத் திறந்தான். ஃபாரத்தைப் பார்த்தான். மூடினான். டாக்டரம்மா இரண்டு கட்டில் தள்ளிப் போயிருந்தார். அந்த இரண்டு கட்டில் தூரத்தை அவன் நடந்தானா ஓடினானா என்று வெற்றிக்கும் அம்முவுக்கும் இன்றைக்கு வரைக்கும் தகராறு உண்டு.

"மேடம். சுடுதண்ணில வெச்சாங்க."

டாக்டரம்மா திரும்பினார். கூடவே சின்ன டாக்டர்களின் நோட்டுகளும் திரும்பின.

"யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். வைக்கச் சொன்னதும் நான்தான். போன்ல. எங்காளுங்க கெளுத்திக்கு அப்டித்தான் வைப்பாங்க. காலு தானா உதறணும். அதுவரைக்கும் ஊத்தணும்."

"எவ்வளவு சூடு?"

"கடசியா கொதிச்சத்த."

"வலிக்குதுன்னு சொல்லலையா?"

திலீப் கையிலிருந்த ஃபாரத்தைப் பெட்ஷீட் மாதிரி நாலாக மடித்தான்.

"ஒண்ணும் தெரியலன்னாங்க. தெரியலன்னு சொன்னதாலதான் இன்னும் ஊத்தச் சொன்னேன்."

ஜன்னலோரம் நின்ற லாஞ்சுக்காரர்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள், அவனவன் காலை. அந்த வைத்தியத்தைச் செய்யாதவன் அங்கே ஒருத்தனும் இல்லை. வெற்றி மட்டும் வாயைத் திறந்தான். ஏதாவது நக்கலாக வரும் என்று அம்மு அவன் கையைக் கிள்ளத் தயாரானாள். அவன் சொன்னது இதுதான்: "போன் வந்தது எனுக்கா இருந்தாலும் நானும் அத்தத்தான் சொல்லியிருப்பேன் மேடம்."

டாக்டரம்மா திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. நேராகத் திரும்பிப் பவுனம்மாளின் கட்டிலுக்கு வந்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். ஒரு ஊசியை எடுத்து இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மெல்லக் குத்திக் குத்திக் கேட்டார். பவுனம்மாள் எல்லாவற்றுக்கும் தெரியல, தெரியல என்றாள். இப்போது அவள் பொய் சொல்லவில்லை.

"நாளைக்கு எடுக்க வேணாம்," என்றார் டாக்டரம்மா, சின்ன டாக்டர்களிடம். "வெந்த தோலை முதல்ல சுத்தம் பண்ணிப் பாப்போம். முள்ளு குத்தின விரல் போயிடும். மத்தது எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்." பிறகு திலீப்பிடம் திரும்பினார். "இத நேத்தே சொல்லியிருக்கலாம்."

"ஆமாங்க மேடம்."

"எங்க வேலை செய்றீங்க?"

வார்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"ஆஸ்பத்திரி லாண்டரில. பெட்ஷீட்டு தொவைக்கிறேன்."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். குப்பத்துக்காரர்களுக்குத்தான் ஜீரணிக்க ஐந்து நிமிஷம் ஆனது. லாஞ்சுக்காரர்களில் ஒருவன், "அப்ப எங்கப்பனுக்கு நெஞ்சு வலிக்கு நீ சொன்ன மாத்தரை?" என்று ஆரம்பித்தான். "வாயுவு. அது வாயுவுதான்," என்று அவசரமாகச் சொன்னான் திலீப். "இருந்தாலும் ஒரு தபா இங்க இட்டாந்து காட்டிடு."

அடுத்த வாரம் கட்டைவிரல் போனது. பக்கத்து விரல் போகலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்துவிட்டு நின்றுகொண்டது. பாதம் தங்கிவிட்டது. தினமும் கட்டு மாற்றும்போது திலீப்தான் காலைப் பிடித்துக்கொள்வான். பவுனம்மாள் அவனோடு பேசுவதில்லை. விரல் போனதில் கோபமில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிக்கொண்டானே என்பதுதான் கோபம். அம்முவிடம் சொல்லுகிற மாதிரி அவனுக்குச் சொல்லுவாள். "அவன நாஸ்தா துன்னச் சொல்லு. குச்சி மாதிரி ஆய்ட்டான்."

ஒரு மத்தியானம் அவன் வெளியே போய் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். வார்டு வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்டது. ஃப்ளோரன்ஸ் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ரகசியமாகத்தான், ஆனால் பவுனம்மாளின் ரகசியம் மீன் மார்க்கெட் அளவில் இருக்கும்.

"அத்தினி டாக்டருங்க சுத்தி நின்னுகினு பாத்தாங்க. ஒருத்தருக்கும் பிடிபடல. வெட்டறதுக்குப் பேனா வரைக்கும் வந்துட்ச்சி. எம்புள்ள ஒருத்தன்தான் போயி, இது வெந்த புண்ணு மேடம்னு கண்டுபுட்ச்சான். அந்தம்மா உடனே ஊசிய எடுத்துட்டாங்க."

"ஆனா சுடுதண்ணி வெக்கச் சொன்னதே அவருதான்னு…"

"அதனாலதான அவனுக்குத் தெரிஞ்சுது."

இதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. திலீப் இளநீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரலாமா, அப்படியே திரும்பிப் போகலாமா என்று நின்றான். பவுனம்மாள் பார்த்துவிட்டாள். பதினாறு நாள் கழித்து முதல்முதலாக அவனிடம் நேராகப் பேசினாள்.

"டேய் நைனா, அங்க இன்னா நின்னுகினு கீற? இங்க வா. இந்தக்கா காலு ஒரு மாசமா ஆறாம கீதாம். டாக்டருங்களுக்கு ஒண்ணும் புரியலியாம். நீ ஒரு பார்வ பாரு."

"அம்மா, எனுக்கு இன்னா தெரியும்."

"பாருன்றேன்ல."

அவன் இளநீரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஃப்ளோரன்ஸ் அக்காவின் கட்டில் ஓரமாகக் குந்தினான். கட்டைத் தொடவில்லை. முகத்தைப் பார்த்தான்.

"யாருன்னா கைவைத்தியம் சொன்னாங்களாக்கா? மறைக்காம சொல்லு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லலாம்."

ஃப்ளோரன்ஸ் அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் டிபன் கேரியரோடு செக்யூரிட்டியிடம் பாஸ் காட்டிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருதான் தம்பி," என்றாள். "பாவம், நல்ல மனசுலதான் சொன்னாரு."